ஸ்பானிஷ் கற்க வந்தவர்கள்

சமீபத்தில் படித்தவற்றில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது என்று நாவலாசிரியனைக் கேட்கிறவர்கள் ஒரு நாவலின் பெயரைத்தான் எதிர்பார்க்கிறார்கள். இந்த வருஷம் என்னிடம் சொல்வதற்கு நாவல் எதுவும் இல்லை. ஆறேழு மாதமாக நான் ஆசையோடு படித்து வருகிறவை, வயது வந்தவர்களுக்கு ஸ்பானிஷ் பாஷை கற்பிப்பதற்காக எழுதப்பட்ட பழைய பாடப் புத்தகங்கள். இன்று பெரிய நூலகங்கள் பல தம்மிடமுள்ள பழம் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று திறந்து வைத்திருக்கின்றன. நானூறு வருஷத்துப் பழசை வீட்டை விட்டு நகராமல் படிக்க முடிகிறது.

இந்தப் பித்து என்னைப் பிடித்ததற்குக் காரணம் ஒரு நண்பர். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றதும் ஸ்பானிஷ் படிப்பது என்று சங்கற்பம் செய்துகொண்டு மூன்று புத்தகம் வாங்கினார். மூன்றையும் பத்தாம் பக்கத்துக்குள் மூடிவிட்டார். “பூனை எங்கே, பந்து எங்கே என்று என்னைக் கேட்கிறான் ஸார்! இந்த வயசில் பூனையைத் தேடுவதற்கா நான் பாஷை படிக்கிறேன்?” என்றார். அவர் கோபம் எனக்கு நியாயமாகவே பட்டது. வயது வந்த மனிதன் அந்நிய பாஷையைப் படிக்க உட்காரும்போது, நாற்பது ஐம்பது வருஷமாகச் சேர்த்து வைத்திருக்கிற தன் பேச்சுத் திறமையை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருகிறான். அவனை என்னவாக நினைத்துக்கொண்டு ஆசிரியர் பேச ஆரம்பிக்கிறார்? ராஜாவின் பிரஜையாகவா, வியாபாரியாகவா, குழந்தையாகவா? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் நான் ஒவ்வொரு புத்தகத்தையும் புரட்டினேன்.

முதல் புத்தகம் 1492இல் வந்தது. அந்த வருஷத்து ஜனவரியில் கிரானடா விழுந்தது. மார்ச்சில் யூதர்களை வெளியேற்றும் கட்டளை பிறந்தது. ஆகஸ்டு 3ஆம் தேதி கொலம்பஸ் பாலோஸ் துறைமுகத்திலிருந்து கப்பலேறினார். அவர் போய்ப் பதினைந்து நாள் கழித்து, ஆகஸ்டு 18ஆம் தேதி, சலமான்கா நகரில் அந்தோனியோ தெ நெப்ரிஹா என்ற பண்டிதரின் காஸ்தீலிய இலக்கணம் அச்சாகி முடிந்தது. காஸ்தீலியம் என்றால் நாம் இன்று ஸ்பானிஷ் என்று சொல்கிற பாஷைதான். அதன் மாதிரியை ராணி இசபெல்லாவிடம் காட்டியபோது, இதனால் என்ன பிரயோஜனம் என்று ராணி கேட்டாராம். ராணி பிறந்ததிலிருந்து பேசுகிற பாஷைக்கு இலக்கணம் எதற்கு? பக்கத்திலிருந்த ஆவிலா பிஷப் முந்திக்கொண்டு பதில் சொன்னாராம்: ஜெயிக்கப்படும் ஜனங்கள் ஜெயித்தவருடைய சட்டத்தை ஏற்றாக வேண்டும், சட்டத்தோடு பாஷையையும் ஏற்க வேண்டும், அதற்கு இது உதவும் என்று. நெப்ரிஹாவே இதை முன்னுரையில் பெருமையோடு எழுதி வைத்திருக்கிறார்.

ஐந்து பாகமுள்ள அந்த நூலில் ஐந்தாவது பாகம் அந்நியருக்கென்றே எழுதப்பட்டது. பாஸ்க்குகள், நவாரியர், பிரெஞ்சுக்காரர், இத்தாலியர் ஆகியோரையெல்லாம் மனத்தில் வைத்து எழுதினார். உள்ளே இருப்பது பெயர்ச்சொல் வாய்பாடு, வினைச்சொல் வாய்பாடு, மறுபடியும் வினைச்சொல் வாய்பாடு. ஒரு மனிதன் இன்னொரு மனிதனிடம் பேசுவதாக ஒரு வரிகூட இல்லை. படிக்கிறவன் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தால் போதும், பதில் பேச வேண்டியதில்லை என்று நினைத்து எழுதியது போல இருக்கிறது. மகா பண்டிதரின் நூல்தான். ஆனால் இருநூற்றைம்பது வருஷம் வரை அதற்கு மறு அச்சு வரவில்லை என்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

இங்கே நம் ஊர் விஷயம் ஒன்று குறுக்கிடுகிறது. நெப்ரிஹா நினைத்த நவாரியர்களின் வம்சத்தில் ஒருவர், பிரான்சிஸ் சவேரியார், 1542இல் நமது முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்து சேர்ந்தார். 1544இல் எழுதிய கடிதத்தில், இவர்கள் பேசுவது எனக்குப் புரியவில்லை, என் பேச்சு இவர்களுக்குப் புரியவில்லை, என் தாய் பாஷை பாஸ்க் என்று சொல்லியிருக்கிறார். இரண்டு பாஷையும் கொஞ்சம் தெரிந்தவர்களைக் கூட்டி, ஜபங்களைத் தமிழில் செய்யச் சொல்லி, அவற்றை மனப்பாடம் பண்ணி, தெருவில் மணியடித்துக்கொண்டு போனார். ஜெயித்தவரின் பாஷையை மற்றவர்கள் படிப்பார்கள் என்று சலமான்காவில் எழுதியிருந்தது. புன்னைக்காயலிலும் தூத்துக்குடியிலும் வந்தவர்தான் உட்கார்ந்து உருப்போட வேண்டியிருந்தது.

நெப்ரிஹாவை விட்டு 1554க்கு வந்தால் மூச்சு விட முடிகிறது. அந்த வருஷம் ஜூலையில் ஸ்பெயின் இளவரசர் பிலிப்புக்கும் இங்கிலாந்து ராணி மேரிக்கும் வின்செஸ்டரில் கல்யாணம் நடந்தது. உடனே லண்டன் அச்சுக்கூடங்கள் விழித்துக்கொண்டன. ஆங்கிலமும் ஸ்பானிஷும் படிக்கவும் எழுதவும் பேசவும் கற்பிக்கும் மிகப் பயனுள்ள புத்தகம் என்ற நீளமான தலைப்போடு ஒன்று வெளியாயிற்று. சரக்கு சொந்தச் சரக்கல்ல. ஆண்ட்வெர்ப் நகரத்து உபாத்தியாயர் பெர்லெமோன் பிளெமிஷ், பிரெஞ்சு இரண்டுக்கும் எழுதிய வியாபாரிகள் கைப்புத்தகத்தைப் பெயர்த்து ஒட்டியது. பத்துப் பேர் விருந்துக்கு உட்காருகிறார்கள். பிறகு பேரம் நடக்கிறது. பிறகு கடன்காரனைப் பார்த்துப் பணம் கேட்பது எப்படி என்று ஒரு பாடம்! இலக்கணம் அதிகம் இல்லை. ஆனால் இதைப் படிக்கிறவனுக்குச் சாப்பாடு உண்டு, பணம் உண்டு, பணத்தைத் திருப்பித் தராத ஆசாமியும் உண்டு. அவனை மனிதனாக மதித்த முதல் புத்தகம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதே 1554இல் லிஸ்பன் நகரில் தமிழை ரோமன் எழுத்தில் அச்சிட்டுப் போர்த்துக்கீசிய மொழியில் சொல்லுக்குச் சொல் பொருள் எழுதிய ஜபப் புத்தகம் ஒன்றும் வெளியானது. அதில் கடன் வசூல் பாடம் கிடையாது.

கல்யாண உறவு நீடிக்கவில்லை. மேரி 1558இல் காலமானார். 1585இல் இரு தேசங்களுக்கும் யுத்தம் மூண்டது. 1604 வரை ஓயவில்லை. விசித்திரம் என்னவென்றால், ஆங்கிலேயருக்கு ஸ்பானிஷ் கற்பிக்கும் புத்தகங்கள் மளமளவென்று வந்தது இந்த யுத்த காலத்தில்தான். 1586இல் ஆக்ஸ்போர்டில் ஓர் இலக்கணம் அச்சாயிற்று. எழுதியவர் அந்தோனியோ தெல் கோர்ரோ. செவில் நகருக்கு அருகே மடத்தில் துறவியாக இருந்து, சீர்திருத்தக் கிறிஸ்தவக் கொள்கையில் நாட்டம் கொண்டு 1557இல் தப்பி ஓடியவர். ஆள் கிடைக்கவில்லை என்று 1562இல் செவிலில் அவருடைய உருவப் பொம்மையைக் கொளுத்தினார்கள். தன்னைக் கொளுத்திய ஊரின் பாஷையைத்தான் அவர் ஆங்கிலேய மாணவர்களுக்கு விதி விதியாக எழுதிக் கொடுத்தார்.

அதைவிட ருசியான கதை ரிச்சர்ட் பெர்சிவலுடையது. 1591இல் அவர் ஓர் இலக்கணமும், ஸ்பானிஷ் சொல்லுக்கு ஆங்கிலமும் லத்தீனும் கொடுக்கும் அகராதியும் சேர்த்து வெளியிட்டார். யுத்தம் நடக்கும்போது ஸ்பானியனை எங்கே தேடிச் சந்தேகம் கேட்பது? மூன்று வருஷத்துக்கு முன் 1588இல் இங்கிலாந்தின் மேல் படையெடுத்து வந்த அர்மடா கடற்படையில் தளபதிகளில் ஒருவர் தோன் பேத்ரோ தெ வால்தேஸ். அவர் கப்பல் மற்றொரு கப்பலோடு மோதிப் பாய்மரம் முறிந்து பின்தங்க, பிரான்சிஸ் டிரேக்கிடம் பிடிபட்டார். மீட்புப் பணம் வரும்வரை அவரை எஷர் என்ற ஊரில் ரிச்சர்ட் டிரேக் என்பவர் வீட்டில் வைத்திருந்தார்கள். ரிச்சர்ட் டிரேக் பெர்சிவலுக்கு நண்பர். பெர்சிவல் தன் அகராதியைத் தூக்கிக்கொண்டு போய், வால்தேஸோடும் தோன் வாஸ்கோ தெ சில்வா என்ற இன்னொரு ஸ்பானியரோடும் உட்கார்ந்து, முதலிலிருந்து கடைசி வரை இரண்டு முறை பார்த்து முடித்தார். இதை அவரே முன்னுரையில் நன்றியோடு சொல்லியிருக்கிறார்.

இந்தக் காட்சியை என்னால் சீக்கிரம் விட்டுவர முடியவில்லை. லண்டனைப் பிடிக்க வந்த தளபதி, லண்டன்காரனின் அகராதியில் அகர வரிசையில் பிழை திருத்துகிறார். கைதிக்குப் பொழுது போக வேண்டும் என்பது மட்டும்தானா? தன் பாஷையைத் தப்பாக அச்சிட்டுவிடுவார்களே என்ற பதைப்பும் இருந்திருக்காதா? எதிரியின் வீடானாலும் தன் சொல்லுக்குத் தவறான பொருள் எழுதியிருப்பதைப் பார்த்துச் சும்மா இருக்க எந்த மனிதனால் முடியும்? 1593இல் மீட்புப் பணம் கட்டி வால்தேஸ் ஊர் திரும்பினார். பிற்பாடு கியூபாவுக்குக் கவர்னராகவும் போனார். அகராதி இங்கிலாந்திலேயே தங்கிவிட்டது.

அதே 1591இல் வில்லியம் ஸ்டெப்னி என்பவரின் ‘ஸ்பானிஷ் உபாத்தியாயர்’ வந்தது. (பெயரைக் கேட்டதும் மோட்டாரின் உபரிச் சக்கரம் ஞாபகம் வருவது என் குற்றமல்ல.) வாரத்தின் ஏழு நாளுக்கு ஏழு சம்பாஷணை. யோசனை நல்ல யோசனை. ஆனால் அதைச் சரியாகச் செய்து காட்டியது எட்டு வருஷம் கழித்து வந்த ஜான் மின்ஷூவின் புத்தகம்.

மின்ஷூ லண்டனில் பாஷைகள் கற்பித்துப் பிழைத்தவர். நல்ல பெயர் எடுத்தவரென்று சொல்ல முடியாது. நாடகாசிரியர் பென் ஜான்சன் பேச்சுவாக்கில் அவரை அயோக்கியர்கள் ஜாபிதாவில் சேர்த்திருக்கிறார். 1599இல் பெர்சிவலின் அகராதியை எடுத்துப் பெரிதாக்கி, கூடவே ஓர் இலக்கணமும் ஏழு சம்பாஷணைகளும் சேர்த்துத் தன் பெயரில் போட்டார். ஸ்பானிஷில் இருக்கிற அந்தச் சம்பாஷணைகளின் சரளத்தைப் பார்த்து, இவை ஒரு ஸ்பானியர் எழுதிக் கொடுத்தவையாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிற ஆராய்ச்சியாளர்கள் உண்டு. கதை எழுதிப் பழகிய காதுக்கும் அப்படித்தான் படுகிறது. முதல் சம்பாஷணையில் பிரபு காலையில் எழுந்து வேலைக்காரப் பையனிடம் உடுப்புக் கேட்கிறார். இரண்டாவதில் கணவனும் மனைவியும் நகை வாங்கப் போகிறார்கள். உலகத்தில் எந்தப் பாஷையிலும் பாடம் தேவைப்படுகிற விஷயம். மூன்றாவது விருந்து. நான்காவதில் இரண்டு சிநேகிதர்கள் பிரயாணம் போகிறார்கள். கோவேறு கழுதை ஓட்டும் பையனும் சத்திரத்துக்காரியும் வந்து சேருகிறார்கள். இது அப்படியே ஒரு சிறுகதை. ஐந்தாவதில் எடுபிடிப் பையன்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள், ஏழாவதில் சிப்பாய்கள்.

ஆறாவதுதான் என்னை அசத்தியது. லண்டன் வர்த்தகர்கள் கூடும் மண்டபத்தில் இரண்டு ஆங்கிலேயரும் இரண்டு ஸ்பானியரும் சந்தித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இவர்கள் ஊரில் அது எப்படி, அவர்கள் ஊரில் இது எப்படி என்று சாவகாசமாகப் பேச்சு. புத்தகம் வந்த வருஷம் 1599. யுத்தம் முடிய இன்னும் ஐந்து வருஷம் இருக்கிறது. கடலில் இவர்கள் கப்பலை அவர்களும் அவர்கள் கப்பலை இவர்களும் கொள்ளையிட்டுக் கொண்டிருக்கும்போது, பாடப் புத்தகத்தின் ஒரு மூலையில் நாலு பேர் நின்று வம்பளக்கிறார்கள். யாரும் யாரையும் மன்னித்ததாகச் சொல்லவில்லை. சமாதானம் பற்றிப் பிரசங்கமும் இல்லை. பாஷை கற்றால் என்ன செய்யலாம் என்று மாணவனுக்குக் காட்ட வேண்டியிருந்தது. அதற்கு அந்நியனோடு நின்று பேசுவதைத் தவிர வேறு வழி அந்த ஆசிரியருக்குத் தெரியவில்லை.

இந்தச் சம்பாஷணைகளைப் பாரிஸில் செஸார் ஊதென் 1608இல் அப்படியே எடுத்துக்கொண்டு எட்டாவது ஒன்றும் சேர்த்தார். இத்தாலிக்கும் அவை போயின. பதிப்புரிமைச் சட்டம் இல்லாத காலத்தின் சௌகரியம்! ஊதென் பிரெஞ்சு அரசரின் மொழிபெயர்ப்பாளர். ஸ்பானிஷ் இலக்கணமும் அகராதியும் எழுதி, ‘தோன் கிஹோத்தே’யின் முதல் பாகத்தை 1614இல் பிரெஞ்சாக்கியவர். அப்போது பாரிஸில் ஸ்பானிஷ் மோகம் தலைக்கேறியிருந்தது. 1615இல் ஸ்பெயின் ராஜகுமாரி பிரெஞ்சு அரசருக்கு ராணியாகவும் வந்து சேர்ந்தாள். பிழைக்க வந்த ஸ்பானியர்களும் டியூஷன் ஆரம்பித்தார்கள். அவர்களில் ஒருவரான அம்ப்ரோஸியோ தெ ஸலஸாருக்கும் ஊதெனுக்கும் அச்சிலேயே சண்டை. அந்நியனுக்கு எங்கள் பாஷை எப்படித் தெரியும் என்பது ஒரு கட்சி. தாய்ப்பாலோடு வந்தால் மட்டும் கற்பிக்கத் தெரிந்துவிடுமா என்பது எதிர்க்கட்சி. இந்த வழக்கு இன்றும் எல்லா ஊரிலும் நடக்கிறது. தீர்ப்புச் சொல்லச் சொன்னால் நான் ஊதென் பக்கம். தான் தடுக்கி விழுந்த இடம் எது என்று தெரிந்தவன்தான் அடுத்தவனை எச்சரிக்க முடியும்.

ஆனால் பிழைக்க வந்த ஸ்பானியரிலேயே ஹுவான் தெ லூனாவை எனக்குப் பிடிக்கும். முதலில் பாரிஸிலும் பிறகு லண்டனிலும் ஸ்பானிஷ் சொல்லிக் கொடுத்தவர். ‘லாஸரில்லோ தெ தோர்மெஸ்’ என்ற சின்ன நாவலை, அதாவது குருட்டுப் பிச்சைக்காரனுக்குக் கைத்தடியாகி, கஞ்சப் பாதிரியிடம் பட்டினி கிடந்து வளரும் பையனின் கதையை, மாணவர்கள் பாடமாகப் படித்து வந்தார்கள். 1554இலேயே அச்சான கதையாதலால் அதன் பேச்சு பழசாகிவிட்டது என்று லூனா எண்ணினார். சொற்களைப் புதுக்கி 1620இல் பாரிஸில் வெளியிட்டார். அதோடு கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் இரண்டாம் பாகமும் தாமே எழுதிச் சேர்த்தார். அதில் மத விசாரணைக்காரர்களைக் கிண்டல் செய்யும் காரம் அதிகம். பாடம் நடத்த வந்த உபாத்தியாயர் நாவலாசிரியராகிவிட்ட அபூர்வ நிகழ்ச்சி இது.

செர்வாண்டிஸுக்கும் இந்த மோகம் தெரிந்தே இருந்தது. 1615இல் வந்த ‘தோன் கிஹோத்தே’ இரண்டாம் பாகத்தின் சமர்ப்பணத்தில், காஸ்தீலியம் கற்பிக்கச் சீனத்துச் சக்கரவர்த்தி ஒரு கலாசாலை தொடங்குவதாகவும், தம் புத்தகத்தையே பாடமாக வைத்துத் தம்மையே தலைவராக்க விரும்புவதாகவும் கடிதம் வந்ததென்று எழுதினார். வழிச்செலவுக்குப் பணம் கொடுத்தனுப்பினாரா என்று கேட்டாராம். அந்த நினைப்பே சக்கரவர்த்திக்கு இல்லை என்றதும், அப்படியானால் நீ உன் ஊருக்குத் திரும்பிப் போகலாம் அப்பா என்று தூதனை அனுப்பிவிட்டாராம். வேடிக்கைதான். ஆனால் அடுத்த வருஷம் இறந்து போன ஒரு ஏழை எழுத்தாளரின் வேடிக்கை.

அந்தப் புத்தகம் வேறொரு விதத்தில் பாடமாகத்தான் ஆயிற்று. அமெரிக்காவின் தாமஸ் ஜெஃபர்சன் 1784இல் ஐரோப்பாவுக்குக் கப்பலில் போகையில், இரவல் வாங்கிய ‘தோன் கிஹோத்தே’ ஒன்றும் ஓர் இலக்கணமும் வைத்துக்கொண்டு பத்தொன்பது நாளில் ஸ்பானிஷ் கற்றுக்கொண்டதாகச் சொல்லி வந்தார். 1804இல் இதைக் கேட்டு டயரியில் குறித்துக்கொண்ட ஜான் குவின்ஸி ஆடம்ஸ், ஜெஃபர்சன் பெரிய பெரிய கதைகளாகச் சொல்லுவார் என்றும் கூடவே எழுதி வைத்தார். நானும் ஆடம்ஸ் கட்சிதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓலெண்டார்ஃப் முறை வந்தது. பெரிய வெற்றி, எல்லாப் பாஷைக்கும் அந்த அச்சில் புத்தகம் வார்த்தார்கள். தச்சனுடைய சுத்தியல் உன்னிடம் இருக்கிறதா? இல்லை, என்னிடம் இருப்பது ரொட்டிக்காரனுடைய குடை. இந்த ரகத்தில் நூற்றுக்கணக்கான கேள்வி பதில். ஒவ்வொரு வாக்கியமும் சற்றே மாறி வந்து விதியை மண்டையில் ஏற்றும் என்பது வாஸ்தவம். ஆனால் தச்சனையும் ரொட்டிக்காரனையும் நாம் ஒரு நாளும் சந்திப்பதில்லை. அவர்களுடைய சாமான்களை மட்டும் தேடிக்கொண்டிருக்கிறோம். இந்த முறையில் ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கான ஸ்பானிஷ் புத்தகம் நியூயார்க்கில் 1848இல் வெளியாயிற்று. தயாரித்த இருவரில் முக்கியமானவர் மரியானோ வெலாஸ்கெஸ் தெ லா காதேனா, கொலம்பியாவில் ஸ்பானிஷ் ஆசிரியர். அவர் பிறந்தது மெக்ஸிகோ நகரில். அதே 1848 பிப்ரவரியில்தான் மெக்ஸிகோ யுத்தத்தில் தோற்று, கலிபோர்னியா உட்படப் பெரும் நிலப்பரப்பை அமெரிக்காவுக்கு எழுதிக் கொடுத்தது. அந்த நிலத்தில் ஸ்பானிஷ் பேசிக்கொண்டிருந்த ஜனங்களோடு பேசப் போகிறவர்களுக்கு அவருடைய புத்தகம் ஓயாமல் கற்றுக் கொடுத்த கேள்வி, இது யாருடையது, அது யாரிடம் இருக்கிறது என்பது. அவர் இதை நினைத்துப் பார்த்தாரா என்று முன்னுரையைப் பார்த்துச் சொல்வதற்கில்லை.

பிற்காலத்துப் புத்தகங்களில் ஒன்றே ஒன்றைச் சொல்லுகிறேன். மார்கரீட்டா மாட்ரிகல் என்ற அம்மாள் எழுதி 1953இல் வந்த ‘ஸ்பானிஷுக்கு மந்திரச் சாவி’. படம் போட்டவர் அப்போது பேர் பெறாத ஆண்டி வார்ஹால். டாக்டர், ஆக்டர், அனிமல் என்று ஆங்கிலத்தில் தெரிந்த சொற்களே ஸ்பானிஷிலும் இருக்கின்றன, ஆகையால் உனக்கு ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் சொற்கள் தெரியும் என்று முதல் பக்கத்திலேயே அந்த அம்மாள் தைரியம் சொல்லிவிடுகிறார். நிகழ்காலத்தோடு மல்லுக்கட்டாமல், வாங்கினேன், எடுத்தேன் என்று இறந்தகாலத்தைச் சீக்கிரமே கையில் கொடுத்துவிடுகிறார். இது வெகு சாமர்த்தியம். வயதானவர்களிடம் இறந்தகாலம்தான் ஏராளமாக இருக்கிறது. நேற்று என்ன செய்தேன் என்று சொல்ல வந்துவிட்டால் பேச்சு வந்துவிட்டது.

ஆனால் இந்தப் புத்தகங்கள் எல்லாம் ஆங்கிலேயனை, பிரெஞ்சுக்காரனை, அமெரிக்கனை நினைத்து எழுதியவை. அவற்றின் வழியாக ஸ்பானிஷுக்குப் போகிற தமிழன் தேவையில்லாமல் ஊரைச் சுற்றுகிறான். ‘மே குஸ்தா’ என்ற தொடரை விளக்க ஆங்கிலப் புத்தகங்கள் பக்கம் பக்கமாகத் திண்டாடுகின்றன. பிடிக்கிற ஆள் எழுவாயாக இல்லாமல் பிடித்த பொருள் எழுவாயாக இருக்கிறதே என்று அவற்றுக்கு வியப்பு. நமக்கு என்ன வியப்பு? ‘எனக்குப் பிடிக்கிறது’ என்று தினமும் சொல்கிறோம். ‘நான்’ என்று சொல்லாமலே ‘வந்தேன்’ என்றால் நான்தான் வந்தேன் என்று தெரிகிறது. ஸ்பானிஷிலும் ‘வினே’ என்றால் அவ்வளவுதான். நீ, நீங்கள் என்ற வித்தியாசத்துக்கு அவர்களிடம் ‘தூ’, ‘உஸ்தெத்’. ‘ஆனால்’ என்பதற்கும் ‘நாய்’ என்பதற்கும் நடுவே ஓர் ரகரத்தின் அழுத்தம்தான் வித்தியாசம் என்று ஆங்கில மாணவனை மிரட்டுகிறார்கள். சின்ன ர, பெரிய ற என்று பழகிய நாக்கு அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. போர்த்துக்கீசியர் நம்மிடம் விட்டுப்போன மேசை அங்கே ‘மேசா’. யாழ்ப்பாணத்தார் காலில் போடும் சப்பாத்து அங்கே ‘ஸபாத்தோ’. மாட்ரிகல் அம்மாளின் சாவியை நம் பூட்டுக்கு ஏற்ற மாதிரி அராவித் தருகிற ஆள்தான் வேண்டும்.

அதுவரை தமிழர் ஒருவர் ஸ்பானிஷ் படிக்க எந்தப் புத்தகம் வாங்கலாம் என்றால், முதல் மூன்று மாதத்துக்கு மாட்ரிகலையே சொல்லுவேன். ஓலெண்டார்ஃபைக் கொஞ்சமும் சிபாரிசு செய்யமாட்டேன். பிறகு மின்ஷூவின் நான்காவது சம்பாஷணை: சொற்கள் பழசு, எழுத்து முறையும் பழசு, ஆனாலும் சத்திரத்துக்காரி என்ன சொல்லப் போகிறாள் என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் அகராதியைத் திறக்கத் தோன்றும். அதற்கப்புறம் ‘லாஸரில்லோ’. லூனா புதுக்கிய பதிப்பு வேண்டாம். 1554இல் வந்தபடியே படிக்கலாம். பையனின் பசி எந்தக் காலத்து ஸ்பானிஷிலும் புரிகிறது. லூனாவின் இரண்டாம் பாகத்தைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் அதைத்தான் படிக்கப் போகிறேன்.